ரெனாட்டாவின் பான்டியாக் தெருவுக்கு வந்த நாள்

காலையிலேயே லைல் வந்துவிட்டார். வெறும் ஆளாக வரவில்லை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கார் ஏற்றிப் போகிற நீளமான டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசலை அடைத்த மாதிரி நிறுத்தினார். இறங்கியதும் முதல் வேலையாக டிரெய்லரின் சரிவுப் பலகையைக் கீழே சாய்த்து வைத்தார். அதை இப்போதே சாய்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சாய்த்தார். பிறகு பிக்கப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, பெட்ரோல் பங்கில் வாங்கிய டோனட்டைக் காபியில் முக்கித் தின்ன ஆரம்பித்தார்.

"சும்மா வேடிக்கை பாக்கத்தானே வந்த, எதுக்குப்பா டிரெய்லரு?" என்று எதிர்வீட்டு ஓட்டிஸ் கேட்டார். அவர் தன் கராஜ் கதவை ஏற்றிவிட்டு, மடக்கு நாற்காலி போட்டு, முதல் வரிசை டிக்கெட் கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வரும்போது வெறுங்கையா வரலாம். போகும்போது அப்படிப் போக முடியாதுல்ல."

"உன் பொண்டாட்டிய நீ இன்னும் சரியாப் புரிஞ்சுக்கல."

"முன்னாள் பொண்டாட்டி."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ரெனாட்டா காருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அங்கிருந்தே பேசினார். "லைல், அந்தப் பலகைய மடக்கி வை. தபால்காரன் தடுக்கி விழப் போறான்."

"இன்னைக்கு லீவு ரென். தபால் கிடையாது."

"அப்ப நீயாவது தடுக்கி விழு."

அம்மா, போனில் பேசும்போதெல்லாம் "பின்னால என்னடி அப்படித் தட்டுறாங்க" என்று கேட்பீர்களே, அந்தச் சத்தம் இந்தக் காரிலிருந்து வந்ததுதான். நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே ரெனாட்டா. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நான் மாவட்ட ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் வருகிறேன். மிச்சிகனில் குளிர்காலம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நீளத்தில் மனிதர்கள் ஒன்று குடிப்பார்கள், இல்லையென்றால் கராஜில் ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போடுவார்கள். ரெனாட்டா பிரித்ததைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அது அறுபத்தொன்பதாம் வருஷத்து பான்டியாக் ஜி.டி.ஓ. கரும்பச்சை நிறம். நடுத்தரமான உடம்பில் லாரிக்குப் போடுகிற அளவு எஞ்சினைத் திணித்துச் செய்த வண்டி. இந்த ஊரில் அதன் பெயரைச் சொன்னால் பல் டாக்டர்கூட பல்லைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார். லைல் அதைக் கல்யாணமான புதிதில் வாங்கினார், பிரித்தார், பிரித்தபடியே வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ரெனாட்டாவுக்கு கராஜில் ஒரே ஒரு வேலைதான், விளக்குப் பிடிப்பது. எங்கே பிடித்தாலும் அது தப்பான இடமாகத்தான் இருக்கும். "அங்க இல்ல, இங்க. கண்ணு எங்க இருக்கு உனக்கு" என்று லைல் கத்துவாராம். ரெனாட்டாவின் கண் சரியான இடத்தில்தான் இருந்தது. லைலின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிரிந்து போனபோது லைல் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டார். இடமில்லை, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று காரை விட்டுவிட்டுப் போனார். அட்டைப் பெட்டிகளில் கிடந்த காரை ரெனாட்டா குளிர்காலம் குளிர்காலமாகச் சேர்த்தார். துருப் பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். எஞ்சினைக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றிக் கழுவி மாட்டினார். போன பனிக்காலத்தில் லைல் வந்து பார்த்தார். பெட்டிகள் இருந்த இடத்தில் ஒரு கார் நின்றது. உடனே அவருக்கு அதை எடுத்துப் போக இடம் கிடைத்துவிட்டது.

சமையலறையில் பெரிய சண்டை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டு கேட்டேன். வண்டியின் பத்திரம் லைல் பெயரில்தான் இருந்தது. கடைசியில் அவரே ஒரு பந்தயம் சொன்னார். மே மாதக் கடைசியில் வீரர் நினைவு நாள் ஊர்வலம் வரும். அதில் இந்தக் கார் யாரும் தள்ளாமல் தானே ஓடி, தீயணைப்பு நிலையத்தைத் தாண்டினால் அது ரெனாட்டாவுக்கு. தாண்டவில்லை என்றால் அன்றைக்கே லைல் ஏற்றிக்கொண்டு போவார்.

"நீ சேத்து வெச்சிருக்கறது எஞ்சின் இல்ல ரென். கறி அரைக்கிற மெஷினு" என்று சொல்லிவிட்டுக் கை நீட்டினார். ரெனாட்டா கையைக் குலுக்கினார். குலுக்கிய பிறகு சோப்புப் போட்டுக் கழுவினார்.

அந்த நாள்தான் இது. எஞ்சின் இதுவரை ஒரு தடவைகூட உயிர் பெறவில்லை. கடைசி பாகம் முந்தாநாள்தான் தபாலில் வந்தது.

ரெனாட்டா அடியிலிருந்து எழுந்து வந்தார். தலையில் பஸ் கம்பெனி தொப்பி, கையில் துளைபோடும் மெஷின். "முகி, வா. எண்ணெய் ஏத்தலாம்." நறுமுகை என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முகி என்பதோடு நின்றுவிட்டது.

புது எஞ்சினுக்குள் முதல் தடவை எண்ணெய் தானாக ஏறாது. நாம்தான் ஏற்ற வேண்டும். எஞ்சினின் பின்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று நிற்கும். எட்டு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறியைப் பங்கு போடுவது அதுதான். அதைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகத் துளை மெஷினை விட்டுச் சுற்றினால் அடியில் உள்ள எண்ணெய் பம்பு ஓடும். ரெனாட்டா மெஷினைச் சுற்றினார். நான் முன்பக்கம் குனிந்து, நீளமான கம்பியைப் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகத் திருப்பினேன். எல்லா மூலைக்கும் எண்ணெய் போக வேண்டுமாம். மேலே பொன்னிறமாக எண்ணெய் கசிந்து வந்தபோது ரெனாட்டா சிரித்தார்.

"போதும். இப்ப குறிய பூஜ்யத்துல நிறுத்து."

எஞ்சினின் முன்பக்கம் சுழலுகிற சக்கரத்தில் ஒரு வெட்டுக்குறி இருக்கும். பக்கத்துத் தகட்டில் பூஜ்யம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் திருப்பினேன். சேர்ந்தது. நிறுத்தினேன். ரெனாட்டா டிஸ்ட்ரிபியூட்டரை முன்பு இருந்த மாதிரியே வைத்து இறுக்கினார்.

காரைப் பாதி வெளியே வரும்படி தள்ளி வைத்தோம். ரேடியேட்டர் சூடாகாமல் இருக்க ஓட்டிஸ் தன் வீட்டு மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "உடைச்சிடாதீங்க மிஸ் ரென். ராத்திரி எனக்கு இது இல்லாம தூக்கம் வராது."

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு கையில் சாவி. மடியில் தீயணைப்பான். கண் எண்ணெய் அழுத்த மீட்டரில். ரெனாட்டா எஞ்சின் பக்கம் நின்று கார்பரேட்டரில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்க. உள்ள இருக்கற கேம்ஷாஃப்ட் புதுசு. அந்தக் கம்பியில இருக்கற மேடுதான் ஒவ்வொரு வால்வையும் தூக்கும். மேடு மேல பசை தடவி வெச்சிருக்கேன். எஞ்சின் பிடிச்ச உடனே நான் வேகத்த ஏத்திடுவேன், இருபது நிமிஷம் இறக்கவே மாட்டேன். அப்பத்தான் அது பழகும். பிடிக்காம சும்மா சும்மா சுத்திட்டே இருந்தோம்னா பசை போயிடும், மேடு தேஞ்சிடும், எஞ்சின் குப்பை."

"எத்தன தடவ சுத்தலாம்?"

"கேக்காத. கேட்டா உன் கை நடுங்கும்."

கேட்பதை விட்டுவிட்டுச் சாவியை நுழைத்தேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமிச் சுற்றியது. சுற்றியது. திடீரென்று கார்பரேட்டர் வாயிலிருந்து டமார் என்று ஒரு வெடி. முழ நீளத்துக்கு நெருப்பு எழும்பி அடங்கியது. ரெனாட்டா பின்னால் சாய்ந்தார். புருவத்தில் பாதி கருகிப்போய், முடி பொசுங்கிய வாடை வந்தது. நான் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனேன்.

"உக்காரு. ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை இன்னும் பெரிதாக வெடித்தது. மூன்று வீடு தள்ளி ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. யாராவது போலீசைக் கூப்பிடுவார்கள், போலீஸ் வந்தால் முதலில் என்னிடம்தான் இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையைக் கேட்பார்கள் என்று தோன்றியது. கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. அட்டை மாடியில் இருந்தது.

"கார்பரேட்டரு" என்றார் லைல், டோனட் விரலை நக்கிக்கொண்டே. "மிதவை மாட்டிக்கிச்சு. பிரிச்சுப் பாரு."

"பெட்ரோல் பழசா இருக்கும்" என்றார் ஓட்டிஸ்.

"நேத்துப் போட்ட பெட்ரோலு" என்றார் ரெனாட்டா.

"அப்ப பங்குக்காரன் ஏமாத்திட்டான்."

"ரென், நான் சொல்றதக் கேளு. கார்பரேட்டர இறக்கு. ஒரு மணி நேர வேலை. ஊர்வலம் போனா போகட்டும். என்ன இப்ப, என் கராஜுல வெச்சு நான் ஓட வெச்சுக்கறேன்." லைல் கேலிக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரெனாட்டா எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் பின் சீட்டில் யார் சத்தம் போட்டது என்று கண்ணாடியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சாவி போடப் போறதில்ல. இறங்கி வா. உன் விரல் எனக்கு வேணும்."

"என் விரலா?"

"என் விரல் தடி. அந்த ஓட்டைக்குள்ள அடங்காது."

முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டையில் என் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தச் சொன்னார். அம்மா, பயப்படாதீர்கள், விரல் முழுசாக இருக்கிறது. ரெனாட்டா முன்பக்கம் போய் நீளக் கம்பியால் எஞ்சினைக் கையால் திருப்பினார். குறி மெதுவாக வந்து பூஜ்யத்தைத் தொட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தோம். உள்ளே இருக்கிற முள் முதல் சிலிண்டரைத்தான் காட்டியது.

"விரல்ல என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல."

"காத்து தள்ளலையா?"

"இல்ல."

"நல்லா அழுத்திப் பிடிச்சியா?"

"பிடிச்சேன் ரெனாட்டா. எதுவும் இல்ல. நான் ஏதாவது தப்பா..."

"இரு."

அவர் மறுபடி திருப்பினார். இன்னொரு முழுச் சுற்று. குறி மறுபடி பூஜ்யத்தை நெருங்கும்போது என் விரலுக்கு அடியில் ஏதோ திமிறியது. பிறகு 'புஸ்' என்று விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. நான் "ஐயோ" என்று கையை எடுத்துவிட்டேன்.

ரெனாட்டா டிஸ்ட்ரிபியூட்டரை எட்டிப் பார்த்தார். முள் இப்போது நேர் எதிர்ப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். பெரிய சிரிப்பு. ஓட்டிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்ன மிஸ் ரென், என்ன?"

"பிஸ்டன் ரெண்டு தடவ மேல வரும் ஓட்டிஸ். ஒரு தடவ வெடிக்க வரும், ஒரு தடவ புகையத் தள்ள வரும். குறி ரெண்டுக்கும் ஒண்ணுதான். நாங்க எண்ணெய் ஏத்துறப்ப எஞ்சின சுத்தினோம். குறி பூஜ்யத்துல நின்னுச்சு. ஆனா புகை தள்ற சுத்துல நின்னுச்சு. நான் பாக்காம டிஸ்ட்ரிபியூட்டர இறக்கிட்டேன். அரைச் சுத்து மாறி நிக்குது. வால்வு திறந்திருக்கும்போது பொறி போகுது. வெடிக்காம என்ன பண்ணும்?"

நிறுத்தியது நான். என் முகம் எப்படிப் போனதோ, ரெனாட்டா உடனே சொன்னார்: "நீ நிறுத்துன இடம் சரிதான். குறியில நிறுத்தச் சொன்னேன், நிறுத்துன. விரல் வெச்சுப் பாக்காதது நானு."

லைல் பிக்கப்பிலிருந்து இறங்கி வந்திருந்தார். முள்ளைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"சும்மாதானே நிக்குற" என்றார் ரெனாட்டா. "லைட்டப் பிடி. பின்னாடி இருட்டா இருக்கு."

லைல் விளக்கை வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அங்க இல்ல லைல். இங்க."

ஓட்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டு தெருவின் மறுபக்கம் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கியதோடு சரி என்று ரெனாட்டா விடவில்லை. மறுபடி துளை மெஷினைப் போட்டு எண்ணெயை ஏற்றினார். இந்தத் தடவை நான் கம்பியைத் தொடவே இல்லை, இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டேன். பிறகு முள்ளை அரைச் சுற்றுத் திருப்பி இறக்கினார். பிளக்கை மாட்டினார். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தூரத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் முரசு அடித்துப் பழகுகிற சத்தம் கேட்டது. ஊர்வலம் அணிவகுக்க ஆரம்பித்துவிட்டது.

"ரென்" என்றார் லைல். "பசை இன்னும் மிச்சம் இருக்குமா?"

"தெரியல" என்றார் ரெனாட்டா. குரலில் எந்த வீராப்பும் இல்லை. "முகி, போடு."

சாவியைத் திருப்பினேன். அரை மூச்சுகூட இருக்காது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, என் முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிய மிருகம் எழுந்து நின்ற மாதிரி கர்ஜித்தது. சீட் அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது. ரெனாட்டா உடனே வேகத்தை ஏற்றி அங்கேயே பிடித்தார். எண்ணெய் அழுத்த முள் துள்ளி மேலே போய் அறுபதில் நின்றது.

"அறுபது" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. விரலால் காட்டினேன்.

எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்தும் புகை கிளம்பியது. நான் தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கவே போனேன். ரெனாட்டா தலையை ஆட்டினார். புதுக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெயும் பெயிண்டும் எரிந்து போகிற புகை அது. ஒரு கையால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கர்ஜனையில் இருந்த பிசிறு கரைந்து, ஒரே சீரான இழுப்பாக ஆனது.

இருபது நிமிஷம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு பெண் குளியல் அங்கியோடு வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவர் தோசைக்கரண்டி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார், அடுப்பில் எதை விட்டுவிட்டு வந்தாரோ. நான் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் ஊர்வலத்துக்காக வழியைச் சரிசெய்துகொண்டிருந்த போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். நான் மடியிலிருந்த தீயணைப்பானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நானூறா?" என்று காதருகே கத்தினார்.

"என்ன சார்?"

"எஞ்சின். நானூறு க்யூபிக் இஞ்சா?"

தலையை ஆட்டினேன். அவர் எஞ்சின் ஓரத்துத் தகட்டைத் தட்டப் போய், சூடு என்று கையை இழுத்துக்கொண்டு, ரெனாட்டாவுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நேரம் முடிந்ததும் ரெனாட்டா கையை எடுத்தார். எஞ்சின் அடங்கி, தூங்குகிற சிங்கம் மாதிரி மெல்லமாகக் குமுறியது. பிறகு நான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். தெருவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் கிளம்பலாம் என்று நினைத்தேன். ரெனாட்டா எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார்.

"ரென், என்ன பண்ற?" என்றார் லைல். "ஊர்வலம் கிளம்பிடுச்சு. அப்படியே ஓட்டிட்டுப் போ. எண்ணெய சாயங்காலம் மாத்திக்கலாம்."

"தேஞ்ச பொடி எல்லாம் இந்த எண்ணெயிலதான் இருக்கு. இதோட ஓட்ட மாட்டேன்."

"நீ தோத்துடுவ."

"தோத்தாலும் நீ நல்ல எண்ணெயோடதான் ஏத்திட்டுப் போவ."

முரசுச் சத்தம் பக்கத்தில் வந்தது. எங்கள் தெருமுனையைத்தான் ஊர்வலம் கடக்கும். பள்ளிக்கூட பேண்டு போயிற்று. கறுப்பு எண்ணெய் சட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. திறந்த காரில் வயதான படைவீரர்கள் போனார்கள். ரெனாட்டா புது வடிகட்டியை மாட்டினார். டிராக்டர்கள் போயின. நான் புது எண்ணெயைப் புனலில் ஊற்றினேன், பாதி என் காலணியில். பழைய கார்கள் வரிசையாகப் போயின, கடைசியில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது.

ரெனாட்டா ஸ்டியரிங் பக்கம் ஏறினார், நான் பக்கத்து சீட்டில். "மாட்டு சீட் பெல்ட்ட" என்றார்.

லைலின் டிரெய்லர் வாசலைப் பாதி மறைத்திருந்தது. ரெனாட்டா புல்வெளியில் ஏற்றி, எங்கள் தபால் பெட்டியை ஒரு விரல்கடை விட்டு ஒதுங்கி, தெருவில் இறக்கினார். ஓட்டிஸ் தன் மின்விசிறியைக் குழந்தை மாதிரி அணைத்தபடி வழிவிட்டார். தெருமுனையில் தீயணைப்பு வண்டிதான் கடைசி. ஓட்டுகிறவர் ரெனாட்டாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவராம். பிரேக்கைப் போட்டு, கை காட்டி, முன்னால் விட்டார்.

அத்துடன் கஷ்டம் தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன். தீரவில்லை. ஊர்வலம் என்றால் நடை வேகம். இந்த எஞ்சின் ஓடப் பிறந்தது, நடக்கத் தெரியாது. காற்று உள்ளே வரவில்லை. இன்னொரு மீட்டர், தண்ணீர் சூட்டைக் காட்டுவது, அதன் முள் மேலே ஏற ஆரம்பித்தது.

"ரெனாட்டா, சூடு ஏறுது."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"சிவப்புக்குப் பக்கத்துல வந்துடுச்சு. நிறுத்தலாமா?"

"நிறுத்தினா நின்னதுதான். ஹீட்டரப் போடு."

"ஹீட்டரா? இந்த வெயில்லயா?"

"எஞ்சின் சூட்ட அது நம்ம மேல இறக்கும். முழுசாத் திருப்பு."

திருப்பினேன். முகத்தில் அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி அனல் அடித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. தெருவோரத்தில் குழந்தைகள் சின்னக் கொடியை ஆட்டினார்கள், மிட்டாய் போடச் சொல்லிக் கை நீட்டினார்கள். எங்களிடம் மிட்டாய் இல்லை. நான் நனைந்த கையால் டாட்டா காட்டினேன். ரெனாட்டாவின் கருகிய புருவத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. முள் சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது. நின்று யோசித்தது. மேலே போகவில்லை.

தீயணைப்பு நிலையத்தின் சிவப்புக் கதவுகள் என் ஜன்னலில் வந்தன, நகர்ந்தன, பின்னால் போயின.

ரெனாட்டா கேட்டார். "தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம்."

"நல்லாப் பாத்தியா?"

"கதவு, கொடிக்கம்பம், எல்லாம் பின்னாடி போயிடுச்சு."

அப்போது யாரோ காருக்குப் பக்கத்தில் நடந்து வருவது தெரிந்தது. லைல். குறுக்குத் தெரு வழியாக ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. ரெனாட்டா பக்கத்து ஜன்னலில் கை வைத்து, அனல் பட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஹீட்டர் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"நான்னா நிறுத்திருப்பேன்" என்றார். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு பின்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து ரெனாட்டாவின் மடியில் போட்டார். வண்டிப் பத்திரம். ரெனாட்டா ஒரு கையால் பிரித்தார். கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது.

"இத எப்பப் போட்ட?"

"அந்த இருபது நிமிஷத்துல." லைல் முன்சக்கரத்தைப் பார்த்தார். "முன் டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"தெரியும்."

"சரி."

"சாயங்காலம் ஓட்டிஸ் வீட்டுல விலாக்கறி சுடறாங்க. வந்துடு. ஆனா அந்த டிரெய்லர முதல்ல என் வாசல்லருந்து எடு."

லைல் கையை எடுத்தார். நடையோரத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் எங்கள் காரைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் கையை அகல விரித்துக் காட்டிச் சொன்னார்.

ஊர்வலம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் மெதுவாகத் திரும்பியது. அங்கே வண்டிகள் போகாது, படைவீரர்களும் பேண்டும் மட்டும்தான். பழைய கார்கள் எல்லாம் பெரிய சாலைக்குப் பிரிந்தன. ரெனாட்டாவும் திருப்பினார். முன்னால் நேரான தார்ச்சாலை, இரண்டு பக்கமும் இப்போதுதான் முளைத்த சோளம், ஒரு வண்டி இல்லை.

"புது எஞ்சின் முகி. உள்ள பிஸ்டன் ரிங்கு எல்லாம் பதிஞ்சு உக்காரணும். மெதுவா ஓட்டினா உக்காராது."

"நிஜமாவா?"

"பாதி நிஜம்."

அழுத்தினார். என் தலை சீட்டில் போய் ஒட்டியது. அம்மா, பெல்ட் போட்டிருந்தேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், கர்ஜனை ஒரே நீளமான பாட்டாக மாறியது, திறந்த ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே புகுந்து வியர்வையை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. ரெனாட்டா தொப்பியைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தார். நரைத்த முடி எல்லாத் திசையிலும் பறந்தது.

"முள்ளு எங்க இருக்கு?"

"இறங்கிடுச்சு. நடுவுல நிக்குது."

"அப்ப அத விடு. ரோட்டப் பாரு."

பார்த்தேன்.